உப்புப் போட்டால் கனடா

மன்னார்த் தீவு முழுவதையும் சல்லடை போட்டுத் தேடினாலும் குளிருக்குப் பயந்த மனிதர் ஒரே ஒருவர்தான் அகப்படுவார். அவர் ஐஸ் விற்றுப் பிழைத்தவர்.

சித்திரை வெயிலில் காகங்கள்கூட வாயைப் பிளந்துகொண்டு நிழல் தேடும் நேரத்தில், குரங்குத் தொப்பி, கழுத்தைச் சுற்றி மப்ளர், பச்சைக் கம்பளிச் சட்டை சகிதம் பசார் வீதியில் ஓர் உருவம் சைக்கிள் மிதித்து வரும். ஊருக்குப் புதிதாக மாற்றலாகி வந்த உத்தியோகத்தர்கள் நின்று பார்ப்பார்கள். ஊர்க்காரர்கள் பார்க்க மாட்டோம். அது ஐஸ் நானா. அவருடைய சொந்தப் பெயர் அவருடைய அடையாள அட்டைக்கு மட்டும்தான் தெரியும்.

அவருடைய ஐஸ் வாடிக்கு நேர் எதிரே நான் ஒரு கொமினிகேஷன் கடை வைத்திருந்தேன். போட்டோக் கொப்பி, ரீலோட், பாஸ்போட் படம். வெளிநாட்டுப் பிள்ளைகளோடு வட்ஸ்அப்பில் பேசத் தெரியாதவர்களுக்கு என் போனிலேயே எடுத்துக் கொடுப்பதும் என் வேலைதான். நானாவும் அந்த வகை. போன் வாங்காமலில்லை. வாங்கிய போன் எல்லாம் ஒரு கிழமைக்குள் ஐஸ் தண்ணீருக்குள் விழுந்து மௌத்தாகிவிடும். கடைசியில் அவரே வெறுத்துப்போய், "புள்ள, இனி உன்ட போன்தான் என்ட போன்" என்று அறிவித்துவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வாடி என்றதும் பெரிய தொழிற்சாலை என்று நினைத்துவிட வேண்டாம். சன்னல் இல்லாத ஓர் அறை. இரட்டைச் சுவர், இரண்டுக்கும் நடுவில் முருங்கன் அரிசி ஆலையிலிருந்து ஏற்றிவந்த உமி. லொறியில் வரும் ஐஸ் பாளங்களை அதற்குள் அடுக்கி, அதன் மேலும் உமியைக் கொட்டி, சாக்கைப் போட்டு மூடிவிடுவார். வெளியே தார் உருகும். உள்ளே பாளம் அசையாது. பேசாலையிலிருந்தும் தாழ்வுபாட்டிலிருந்தும் மீன்காரர்கள் வந்து, உடைத்த ஐஸை வாங்கிக்கொண்டு போவார்கள். நாள் முழுக்க அந்த அறைக்குள் போவதும் வருவதும்தான் நானாவின் சீவியம். அதனால்தான் குளிர் மீது அவருக்கு அப்படி ஒரு பகை.

"வெயில் என்ன செய்யும் புள்ள? ஆளைக் கறுப்பாக்கும், அவ்வளவுதான். குளிர் அப்பிடியில்ல. உள்ளுக்குப் போய்க் குந்திச்செண்டா வெளிய வராது" என்பார்.

ஐஸ் குளிரையாவது சகித்துக்கொள்வார், அது சோறு போடுகிறது. பனிதான் அவருக்குப் பரம விரோதி. எங்கள் ஊர்ப் பனி எவ்வளவு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? தையிலும் மாசியிலும் விடியற்காலையில் சைக்கிள் சீற் கொஞ்சம் ஈரமாகும். புல்லில் கால் வைத்தால் சில்லென்றிருக்கும். ஏழு மணி வெயிலுக்கு அந்த அடையாளமும் இருக்காது. நானாவுக்கோ அது தேசிய அனர்த்தம். சீற்றுக்குப் பிளாஸ்ரிக் பை கட்டுவார். வீட்டு ஆட்டின் தலையில் துவாய் கட்டுவார். வீதியில் எவனாவது தும்மினால் வாடியிலிருந்தே சத்தம் வரும்: "பனிக்குள்ள நிண்டனியா? சொல்லு, நிண்டனிதானே?"

"இவரைக் கட்டின நாளிலயிருந்து நான் ஒரு மார்கழிக் காலமையைக் கண்ணால காணேல்ல. கதவைத் திறக்க விட்டாத்தானே!" என்று அவருடைய மனைவி என்னிடம் சிரிப்பார். நாங்கள் எல்லோரும் அவரை ராத்தா என்போம். அதிகம் பேசாதவர். அவருடைய வாய்க்கும் சேர்த்து நானா பேசிவிடுவார்.

ராத்தாவிடம் ஒரு பன்னீர் ரோசா இருந்தது. இடம்பெயர்ந்து புத்தளத்தில் இருந்த காலத்தில் பால்மா டின்னில் நட்டு வளர்த்த கண்டு. ஊருக்குத் திரும்பி வந்தபோது பாத்திரம் பண்டமெல்லாம் லொறியில் பின்னால் போக, இந்த டின்னை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு வந்தாராம். மன்னார் மண்ணுக்கும் உப்புக் காற்றுக்கும் ரோசா சரிவராது என்று எல்லோரும் சொன்னார்கள். அது யாருடைய பேச்சையும் கேட்கவில்லை. ஒரு நேரத்தில் ஒரு பூதான் பூக்கும், ஆனால் பூக்கும்.

ஒரு வைகாசியில் ராத்தா மௌத்தாகிவிட்டார். நாற்பதாம் நாள் கத்தம் ஓதுவதற்குக் கனடாவிலிருந்து மகள் பர்ஸானா வந்து நின்றாள். திரும்பிப் போகும்போது உம்மாவின் ரோசாவில் ஒரு தடியை வெட்டி, அதன் அடியை ஓர் உருளைக்கிழங்குக்குள் குத்தி, காலுறைக்குள் சுருட்டிப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். "ஆரும் பிடிச்சுக் கேட்டா என்ன சொல்லப் போறாய்?" என்றேன். "கறிக்கு எண்டு சொல்லுவன் அக்கா" என்றாள். வாப்பாவுக்குத் தப்பாமல் பிறந்த பிள்ளை.

நானா இங்கே தனியானார். அந்த வருசம் சோளகக் காற்று அடித்த அடியில் ரோசாவின் இலைகள் ஓரம் கருகத் தொடங்கின. செடிக்குச் சூடு பிடித்துவிட்டது என்று நானா முடிவு செய்தார். வைத்தியமும் அவரே கண்டுபிடித்தார்: வாடியில் ஐஸ் உருகி வரும் தண்ணீர். காலையும் மாலையும் வாளி வாளியாக ஊற்றினார். தூரப் பயணம் போகும் மீனுக்கு ஐஸோடு உப்பும் சேர்த்து அடிப்பது வழக்கம். அந்த உப்பு முழுவதும் அந்த வாளிக்குள்தான் இருந்தது என்பது அவருடைய தலைக்குள் ஏறவில்லை. ஏறியபோது செடி வெறும் விறகாக நின்றது.

நான் துக்கம் விசாரிக்கப் போனேன். சாதாரணமாக அவரைக் கண்டால் என் நாக்குச் சும்மா கிடக்காது. அன்றைக்குக் கிடந்தது.

"நான்தான் புள்ள உப்பு ஊத்தினனான்" என்றார். மப்ளரால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவ மடியில வச்சுக் கொண்டுவந்தது."

ஆக, ராத்தாவின் ரோசா இனி இந்த உலகத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தது. மொன்றியலில், நாலாம் மாடிப் பல்கணியில், ஒரு பிளாஸ்ரிக் பூச்சாடிக்குள். உருளைக்கிழங்குத் தடி அங்கே வேர்விட்டுத் துளிர்த்திருந்தது. அதுவும் போனால் போனதுதான்.

இந்த நிலைமையில்தான் பனி வந்தது.

நம் வாடி வீதியில் சிக்னல் என்பது வரும், போகும். வீடியோ எடுபடாத நாட்களில் குரல் மட்டும்தான். அப்படி ஒரு மாலை, மஃரிபு தொழுதுவிட்டு வந்து நானா கதிரையில் இருந்தார். அங்கே அவளுக்குக் காலை நேரம்.

"வாப்பா, இங்க பனி கொட்டுது. ரோசா முழுக்கப் பனி" என்றாள் பர்ஸானா.

நானா விறைத்துப்போனார். "பனியா? உடன போய்த் துணியால துடைச்சு விடு மகள்! இலையில ஒரு சொட்டு நிக்கக் கூடாது. நிண்டா அழுகிரும். ஒவ்வொரு நாளும் காலமை துடை. நீயும் தொப்பி போடு."

"துடைக்கவா வாப்பா?"

"துடை எண்டா துடை!"

அவள் துடைத்தாள். வாப்பா சொல்லைத் தட்டாமல் விடிந்ததும் விடியாததுமாகப் பல்கணிக்குப் போய், துணியால் ஒவ்வொரு கொப்பாகத் துடைத்துவிட்டு வேலைக்குப் போனாள். எனக்கும் பக்கத்தில் இருந்து கேட்டபோது ஒரு பிழையும் தெரியவில்லை. பனி என்றால் துடைக்கத்தானே வேண்டும்? சைக்கிள் சீற்றில் விழுகிறதுக்கும் கனடாவில் விழுகிறதுக்கும் தமிழில் ஒரே சொல்லை வைத்த மகராசன் நிச்சயம் எங்கள் ஊர்ப் பக்கத்து ஆளாகத்தான் இருக்கவேண்டும்.

பிறகொரு நாள் சிக்னல் நல்ல குணத்தோடு இருந்தது. வீடியோ எடுபட்டது. பல்கணியைக் காட்டினாள். நானா போனைக் கிட்டப் பிடித்தார், எட்டப் பிடித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டார்.

"இது ஆரு மகள் ஐஸைக் கொண்டுவந்து கொட்டினது? மீன் எங்க?"

"வாப்பா, இதுதான் பனி."

"இதுவா பனி? இதுக்குப் பேர் ஐஸ்!"

"வானத்தால விழுகுது வாப்பா."

"சும்மாவா?"

"சும்மாதான்."

நானா கதிரையில் சாய்ந்தார். பாவம், வாழ்நாள் முழுக்க லொறியில் இறக்கி விற்ற சாமானை ஆண்டவன் அங்கே வீடு வீடாக இனாமாகக் கொட்டுகிறான் என்று கேள்விப்பட்டால் எந்த வியாபாரிக்குத்தான் நெஞ்சு பொறுக்கும்! ஆனால் ஒரு நிமிசத்தில் முகம் மாறியது. அவருக்குப் பொறி தட்டிவிட்டது.

"மகள், நீ அந்தக் கண்டைத் துடைச்சனியா?"

"ஒவ்வொரு நாளும் வாப்பா. நீங்கதானே சொன்னீங்க."

"அல்லாவே! ஐஸ்தூள் மேல கிடந்தா அடியில உள்ளது காத்துப் படாம அப்பிடியே கிடக்குமே. நீ மெத்தையை உருவிப்போட்டு அதைக் காத்தில அம்மணமா நிப்பாட்டியிருக்கிறாய்!" பிறகு என் பக்கம் திரும்பினார். "ஒண்டை உப்பால கொண்டன் புள்ள. மற்றதைத் துணியால."

முழுதாகச் சாகவில்லை. அங்கே குளிர் விட்டபோது தடி மேலிருந்து கீழ்வரை கறுத்துப்போய், மண்ணோடு ஒட்டிய ஒரு விரற்கடை மட்டும் உயிரோடு இருந்தது. கோடையில் அதிலிருந்து நோஞ்சானாக ஒரு துளிர் வந்தது. பூ வரவில்லை.

"இன்னொரு மாரி இது தாங்காது வாப்பா" என்றாள் மகள். "வீட்டுக்குள்ளயும் வைக்கேலாது, ஹீற்றர் சூட்டில காஞ்சு போகும். தோட்டம் உள்ள ஆக்களிட்டக் குடுக்கலாம். குடுக்க மனம் வரேல்ல."

"குடுக்காத" என்றார் நானா. "ஐஸ் எண்டா என்ட தொழில். நான் பாத்துக்கொள்ளுறன்."

மறுநாள் முருங்கனுக்கு பஸ் ஏறிப்போய், பூக்கண்டு விற்பவனிடம் ஒரு கூட்டம் ரோசாக் கண்டுகளோடு வந்து இறங்கினார். வாடியின் ஒரு மூலையில் இருந்த பெரிய மீன் தொட்டியைக் காலி செய்தார். அதற்குள் உடைத்த ஐஸை நிரப்பி, உப்பை அள்ளி அள்ளிக் கொட்டிக் கிளறினார். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நானா, என்ன செய்யிறியள்?"

"இஞ்ச பார் புள்ள. சும்மா ஐஸ் நுவரெலியா." இன்னொரு கை உப்பைத் தூவினார். "உப்புப் போட்டா கனடா."

அன்றிலிருந்து அந்தத் தொட்டிக்குக் கனடா என்று பெயர். பூச்சாடிகளுக்கு விதவிதமாக உடுப்புப் போட்டு அதற்குள் இறக்கினார். ஒன்றுக்கு உரச்சாக்கு, ஒன்றுக்குப் பழைய பத்திரிகை, ஒன்றுக்குத் தும்பு, இன்னொன்றுக்கு மகன் முறையான ஒருவனின் ஜீன்ஸ் காற்சட்டைக் கால். எது ரோசாவைக் குளிரிலிருந்து காப்பாற்றுகிறதோ அதையே மகளுக்குச் சொல்வது என்பது திட்டம். மீன்காரர்கள் வந்து "நானா எங்க?" என்று கேட்டால், "கனடாவில நிக்கிறார்" என்று பதில் சொல்லி எனக்கு வாய் உளைந்துவிட்டது. ஒருவர் அதை நம்பி, அவருக்கு விசா எடுத்துக் கொடுத்த ஏஜென்சி எது என்று விசாரித்தார்.

பேசாலையில் படகுகள் வைத்திருக்கும் சம்மாட்டி ஒருவர் ஒரு நாள் கோபமாக வந்தார். "நானா, கொழும்புக்குப் போன பாரை மீனுக்குள்ள ரோசா இதழ் கிடந்ததாம். முதலாளி கோல் எடுத்துக் கேக்கிறார், இது ஆருக்குக் கலியாணம் எண்டு!"

"மணமாத்தானே போயிருக்கு. அதுக்கேன் ஏசுறார்?" என்றார் நானா.

ஆராய்ச்சி என்னவோ படுதோல்வி. கண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தன. கடைசியில் தன் உயிரான பச்சைக் கம்பளிச் சட்டையையே கழற்றி ஒரு சாடிக்குப் போட்டார். நான் கண்ணால் பார்த்திராவிட்டால் நம்பியிருக்க மாட்டேன். எல்லாவற்றையும்விட வேகமாக அந்த ரோசாதான் செத்தது. கம்பளி தண்ணீரைக் குடித்துக் குடித்துத் தானே ஐஸ்கட்டியாகிவிட்டது. அதன் பிறகு அந்தச் சட்டையைக் காயப்போட்டு எடுத்து மறுபடியும் போட்டுக்கொண்டார்தான். ஆனால் அதன் மேல் இருந்த பழைய மதிப்புப் போய்விட்டது தெரிந்தது.

இவர் ஆராய்ச்சி செய்த அழகையும் சொல்ல வேண்டும். சுபஹுத் தொழுகை முடிந்து வந்ததும் எல்லாச் சாடிகளையும் கனடாவிலிருந்து வெளியே தூக்குவார். உடுப்பைக் கழற்றுவார். வெயிலில் வரிசையாக வைப்பார். தண்ணீர் ஊற்றுவார். ஒவ்வொன்றிடமும், "என்னம்மா, ராவு எப்பிடி இருந்திச்சு?" என்று சுகம் கேட்பார். பிறகு மறுபடியும் உடுப்புப் போட்டு உள்ளே இறக்குவார். வெயிலில் வைத்த நேரத்தில் வீதியில் திரியும் கழுதைகள் வந்து சிலதைச் சாக்கோடு சாப்பிட்டுவிட்டன. "அதை ஆராய்ச்சியில சேர்க்கேலாது. அது விபத்து" என்றார்.

புரட்டாதி பிறந்தது. வாடியைக் கழுவ வேண்டுமென்று மூலையில் கிடந்த சாமான்களை எல்லாம் இழுத்துப் போட்டபோது, மீன் அனுப்புகிற வெள்ளை ரெஜிபோம் பெட்டி ஒன்று அடியில் கிடந்தது. மூடி நாடா போட்டு ஒட்டியிருந்தது. மேலே ஐஸ் பாளம். நானா திறந்தார். உள்ளே நெருக்கி நிரப்பிய உமி. உமிக்கு நடுவில் ஒரு பூச்சாடி. முதல் கிழமையில் வைத்துவிட்டு அப்படியே மறந்துபோனது.

இலை ஒன்றும் இல்லை. மொட்டைத் தடி. நானா நகத்தால் சுரண்டினார்.

அடுத்த நிமிசம் வீதியைக் குறுக்கே பாய்ந்து கடந்தார். தலைமன்னார் பஸ் பிரேக் அடித்து, டிரைவர் அவருடைய பரம்பரையையே விசாரித்தான். அதையெல்லாம் காதில் போடாமல் என் கடைக்குள் வந்து மூச்சிரைக்க நின்றார்.

"புள்ள, பச்சை! உள்ள பச்சை!"

நானும் போய்ச் சுரண்டிப் பார்த்தேன். உண்மைதான். தோலுக்குக் கீழே பச்சைப் பசேலென்று உயிர்.

எனக்கும் ஆவல் பிடித்துக்கொண்டது. கடைக்கு வந்தவர்களையும் சேர்த்துக்கொண்டு அன்று முழுக்க அதே பேச்சு. உமியா? பெட்டியா? மூலையா? நானா மட்டும் அந்தச் சாடியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

"மற்றதுகளுக்கு நான் எல்லாம் செய்தனான்" என்றார் கடைசியில். "இதுக்கு ஒண்டும் செய்யேல்ல. மறந்துட்டன். மறந்ததால பிழைச்சிட்டு." பிறகு தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டார். "உமி சூடும் குடுக்காது, குளிரும் குடுக்காது புள்ள. உள்ள இருக்கிறதை அப்பிடியே உறங்க விடும். ஐஸை நாங்க அப்பிடித்தானே வைக்கிறம்? உறங்கினதுகளை நான் ஒவ்வொரு நாளும் தட்டி எழுப்பி, வெயிலைக் காட்டி, திருப்பிக் கனடாவுக்கு அனுப்பியிருக்கிறன். மனுசனெண்டாலும் செத்திருவான்."

"குளிரால சாகேல்ல நானா. நீங்கள் சுகம் விசாரிச்சே சாகடிச்சிருக்கிறியள்" என்றேன். வாய் சும்மா கிடந்தால்தானே!

கோபிக்கவில்லை. "ஓம் புள்ள" என்றார்.

கண்டுபிடித்தாயிற்று. இனி உமி வேண்டும். கனடாவில் உமி கிடைக்குமோ என்னவோ என்று, ஒரு சாக்கு முருங்கன் உமியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு தபால் கந்தோருக்கே போய்விட்டார். நான் கையெழுத்துப் போடத் துணைக்குப் போனேன்.

"இதுக்குள்ள என்ன?" என்றார் கவுண்டரில் இருந்தவர்.

"உமி."

"எங்க போகுது?"

"கனடாவுக்கு."

"அங்க மகள் மாடு வளர்க்கிறாவா?"

"இல்ல. ரோசா."

அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். அவர் எழுந்து, தேத்தண்ணி குடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனவர் திரும்பி வரவே இல்லை. பிறகு உள்ளேயிருந்து வேறொருவர் வந்து, இதெல்லாம் வெளிநாட்டுக்குப் போக விடமாட்டார்கள் என்று தன்மையாகச் சொல்லி அனுப்பினார். உமி திரும்பவும் வாடிக்கே வந்து சேர்ந்தது.

நல்ல வேளை, அங்கே இலையுதிர் காலத்தில் காய்ந்த சருகை மூட்டை மூட்டையாகக் கட்டி வீதியோரம் வைப்பார்களாம். உமிக்குப் பதில் சருகு. பெட்டிக்கு மீன்கடை. மகளின் கணவர் ஒரு கந்தோரில் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வேலை பார்க்கிறவர். அந்த மனுசன் மீன்கடைக்குப் போய் வெறும் பெட்டி கேட்டு வாங்கி, ஊரார் வீட்டுச் சருகு மூட்டையைத் தோளில் சுமந்துகொண்டு லிப்டில் ஏறினார். "மாமா, நாலாம் மாடி ஆக்கள் இப்ப எனக்குச் சலாம் சொல்லுறதில்ல" என்று போனில் முறைப்பட்டார்.

"முதல் இலை கொட்டட்டும் மகள். அது தன்ட பாட்டில உறங்கட்டும். பிறகு கொஞ்சமாத் தண்ணி காட்டிப் பெட்டிக்குள்ள இறக்கு. சுத்திவரச் சருகை நெருக்கி அடை. மூடி ஒட்டு. சுவரோரம் வை. பிறகு..." நானா எச்சிலை விழுங்கினார். "பிறகு திறக்காத. நான் கேட்டாலும் திறக்காத."

இதைச் சொல்ல அவர் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஆட்டுக்குத் துவாய் கட்டுகிற மனுசனை, ஒரு மாரி முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு இரு என்றால்?

"மகள், பெட்டி எப்பிடி?"

"பெட்டி இருக்கு வாப்பா."

"உள்ள?"

"வாப்பா!"

"இல்ல இல்ல, சும்மா கேட்டன்." கொஞ்சநேரம் வேறு கதை. பிறகு, "ஒருக்காத் தட்டிப் பாரன் மகள்."

"தட்டினா அது 'ஆரது' எண்டு கேக்குமா வாப்பா?"

ஒருமுறை மருமகனோடு தனியாகப் பேச வேண்டும் என்று என்னிடம் வந்து குசுகுசுத்தார். எடுத்துக் கொடுத்தேன். மகளுக்குத் தெரியாமல் மூடியை ஓர் ஓரம் நெம்பிப் பார்க்க முடியுமா என்பதுதான் விசயம். "ஏலாது மாமா. அவ கண்டாவெண்டா என்னையும் பெட்டியில போட்டு ஒட்டிருவா" என்று மருமகன் போனை வைத்துவிட்டார்.

நாளாக நாளாகப் பகிடி குறைந்தது. நானா மெலிந்துபோனார். எங்கள் ஊரில் தைப்பனி இறங்கி சைக்கிள் சீற்றுகள் நனைந்தன. அவர் பை கட்டவில்லை. யாரோ தும்மினார்கள். வாடியிலிருந்து சத்தம் வரவில்லை. ஒரு நாள் கடைக்கு வந்து, கோல் எடுக்கச் சொல்லாமல் சும்மா இருந்தார்.

"புள்ள, அது எப்பவோ செத்திருந்தா, செத்ததை வச்சுத்தான் நாங்க காவல் காக்கிறம், என்ன?"

தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன். ஆறும்வரை குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

சித்திரை பாதி கழிந்து, அங்கே வீதியில் ஐஸ் எல்லாம் உருகிவிட்டது என்று பர்ஸானா சொன்ன மாலை பெட்டி திறந்தது. சிக்னல் போய்விடக் கூடாதென்று நான் போனை எடுத்துக்கொண்டு கடை வாசலில் ஒரு கதிரை மேல் ஏறி நின்றேன். பக்கத்துக் கதிரையில் நானா ஏறி நின்றார். வீதியால் போனவர்கள் என்ன நினைத்தார்களோ, நினைக்கட்டும்.

மூடியைத் தூக்கினாள். சருகை அள்ளினாள். தடி தெரிந்தது. கறுப்பு.

"சுரண்டு மகள்."

சுரண்டினாள். மண்ணிறம்.

"இன்னும் கீழ."

மண்ணிறம்தான். "வாப்பா..." என்றாள்.

"மண்ணை விலத்து. மெதுவா. நகம் படாம."

விலத்தினாள். தடியின் அடியில், மண்ணுக்குள்ளே, குண்டூசித் தலையளவுக்குச் சிவப்பாக ஒன்று. பக்கத்தில் இன்னொன்று.

நானா போட்ட சத்தத்தில் நான் கதிரையிலிருந்து விழப் பார்த்தேன். "மூடு! மூடு மகள்! அதுக்குக் குளிரப் போகுது!"

வைகாசி வந்தது. முளைகள் கொப்பாகிவிட்டன என்றாள். ஆனி பிறந்ததும் ஒரு மொட்டு என்றாள். நானா அதற்குப் பிறகும் ஒன்றும் செய்யச் சொல்லவில்லை. தண்ணீர் ஊற்று என்றுகூடச் சொல்லவில்லை. வந்து இருந்து, பார்த்து, எழுந்து போவார்.

பூத்த அன்று அவள் பூவை மட்டும் காட்டினாள். இளஞ்சிவப்பில் ஒரே ஒரு பன்னீர் ரோசா.

"மகள், மணக்குதா?" என்றார் நானா.

அவள் குனிந்து மோந்தாள். நிமிரவில்லை. தோள் குலுங்கியது.

"என்ன மகள், மணமில்லையா?"

"மணக்குது வாப்பா" என்றாள். அழுகைக்கு நடுவில் அவ்வளவுதான் வந்தது.

நானா என் பக்கம் திரும்பினார். "மணக்குதாம் புள்ள." ரீலோட் போட வந்து நின்ற பையனிடம், "மணக்குதாம்" என்றார். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு என் போனை இரண்டு கையாலும் தூக்கி மூக்கோடு வைத்து, கண்ணை மூடி, நெஞ்சு நிறைய இழுத்தார். இழுத்துவிட்டு என்னிடம் நீட்டினார். "நீயும் பார்."

நானும் மூக்கில் வைத்துப் பார்த்தேன். நானாவின் கைபட்ட போன். அப்பட்டமான பாரை மீன் வாடை.

"ஓம் நானா, நல்லா மணக்குது" என்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், அப்போது எனக்குப் பொய் சொல்வதாகவே தோன்றவில்லை.